தொடர்ச்சியின் கடன்

1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் உலகின் முதல் வணிகரீதியான ஜிஎஸ்எம் (2ஜி) அழைப்பு போடப்பட்டது. முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கேரி பேசினார். மறுமுனையில் தாம்பேரே நகர நிர்வாகத்தைச் சேர்ந்த காரினா சுவோனியோ. அந்த வலையமைப்பை நடத்திய ரேடியோலிஞ்சா பின்னர் எலிசா என்னும் நிறுவனத்துக்குள் கரைந்தது. அந்த அழைப்பைச் சுமந்தது 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை. 2007இல் அதே 900 மெகாஹெர்ட்ஸில் உலகிலேயே முதல்முறையாக 3ஜி சேவையை வணிகரீதியாக ஓட்டிக்காட்டியதும் எலிசாதான். பிறகு 4ஜி வந்தது, 5ஜி வந்தது, 3ஜி மூடப்பட்டது. நிறுவனத்தின் பெயரும் கருவிகளும் மென்பொருளும் காற்றில் செல்லும் குறிகளின் வடிவமும் மாறிவிட்டன. ஆனாலும் பின்லாந்துக்காரர் ஒருவர் இதை ஒரே வலையமைப்பு என்றுதான் சொல்வார். எதை வைத்து அப்படிச் சொல்கிறார்? பழைய தத்துவக் கேள்விதான் இது. ஆனால் இதற்கு நாம் தரும் விடையைப் பொறுத்துக் கோடிக்கணக்கான ரூபாய் கைமாறுகிறது, சில வேளைகளில் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது. அதனால் இதைப் பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும் மட்டும் விட்டுவிட முடியாது.

முதலில் பொறியியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். செல்பேசி வலையமைப்பை யாரும் அடியோடு இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதில்லை, கட்டவும் முடியாது. டவர் நிற்கும் இடம், அதற்கான மின் இணைப்பு, அங்கிருந்து நகரத்துக்குப் போகும் கண்ணாடி இழை, அரசிடம் பெற்ற அலைக்கற்றை உரிமம் ஆகிய நான்கும்தான் பெருஞ்செலவு. இவற்றைக் கைவிடாமல் மேலே செல்வதுதான் சிக்கனம். ஜிஎஸ்எம்மின் 200 கிலோஹெர்ட்ஸ் வழித்தடம் ஒவ்வொன்றிலும் எட்டு நேரக்கூறுகள் உண்டு. பேச்சு இல்லாமல் சும்மா கிடந்த கூறுகளில் தரவை ஏற்றி அனுப்பியது ஜிபிஆர்எஸ். அதே வழித்தடத்தில் பண்பேற்ற முறையை மட்டும் மாற்றி, ஒவ்வொரு குறியிலும் மும்மடங்கு செய்தியை அடைத்தது எட்ஜ். பெருஞ்செலவு வந்தது இந்தத் தொடர்ச்சி அறுந்த இடத்தில்தான். 3ஜிக்குப் புதிய வானொலி முறை, புதிய 2100 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை, கூடுதல் டவர்கள் எல்லாம் தேவைப்பட்டன. 2000ஆம் ஆண்டு ஏலத்தில் பிரிட்டனில் நிறுவனங்கள் 22.5 பில்லியன் பவுண்டு கொடுத்தன. ஜெர்மனியில் ஏறத்தாழ 50 பில்லியன் யூரோ. அந்தச் சுமையிலிருந்து ஐரோப்பிய நிறுவனங்கள் மீள ஆண்டுகள் பிடித்தன. அதனால்தான் பின்லாந்தின் 2007 முயற்சி முக்கியமானது. தாழ்ந்த அலைவரிசை தொலைவு அதிகம் போகும். 2100இல் தேவைப்படும் டவர்களைவிடக் குறைந்த எண்ணிக்கையில், ஏற்கெனவே நிற்கும் டவர்களிலேயே நாட்டுப்புறம் முழுவதையும் எட்டலாம்.

அதற்குப் பின் வந்த ஒவ்வொரு அடியிலும் அந்தப் பாடம் தெரிகிறது. ஜிஎஸ்எம்முக்கு ஒதுக்கிய 1800 மெகாஹெர்ட்ஸை மெல்ல மெல்லக் காலிசெய்து 4ஜிக்குக் கொடுத்தார்கள். ஒரே வானொலிப் பெட்டி மென்பொருளை மாற்றினால் 2ஜி, 3ஜி, 4ஜி மூன்றையும் பேசும் நிலை வந்தது. 2017 டிசம்பரில் முடிவான முதல் 5ஜி தரநிலை தனித்து நிற்கவே இல்லை. கைப்பேசி 4ஜியோடு தொடர்பு வைத்து, அதன் கட்டுப்பாட்டில், தரவுக்கு மட்டும் 5ஜியைக் கூட்டிக்கொண்டது. தனித்து இயங்கும் 5ஜிக்கான தரநிலை 2018 ஜூனில்தான் முடிந்தது. ஒரே அலைக்கற்றையை 4ஜியும் 5ஜியும் மில்லிநொடிக் கணக்கில் பகிர்ந்துகொள்ளும் உத்தியும் பிறகு வந்தது. புதியது பழையதற்குள்ளிருந்தே எழுகிறது என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் கருவி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மேற்கத்திய தத்துவத்தில் இதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு தீசியஸின் கப்பல். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் அது அதே கப்பலா என்று ஏதென்ஸின் அறிஞர்கள் வாதிட்டதாக புளூடார்க் எழுதுகிறார். 1655இல் தாமஸ் ஹாப்ஸ் இன்னொரு முடிச்சைப் போட்டார். கழித்த பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து, அதே வரிசையில் பூட்டி இன்னொரு கப்பலைக் கட்டிவிட்டால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? ஹாப்ஸுக்கு அது கற்பனைதான். வலையமைப்பில் அது அன்றாட நடப்பு. பழையதும் புதியதும் ஒரே டவரில் பல ஆண்டுகள் சேர்ந்தே இயங்குகின்றன. ஒரு நாள் பழையதை அணைக்கிறார்கள். அணைக்கப்பட்டதுதான் நான் சந்தா கட்டிய வலையமைப்பா, எஞ்சி நிற்பது அதுவா? பலகைகளை எண்ணிப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. கப்பலில் ஏறியிருப்பவரை ஏதென்ஸ்காரர்களும் ஹாப்ஸும் கேள்விக்குள்ளேயே கொண்டுவரவில்லை என்பதுதான் இந்த எடுத்துக்காட்டின் குறை.

நம் மரபுகள் இதைவிட ஆழமாகப் போயின. காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறதா, அல்லது முற்றிலும் புதிதாகத் தொடங்குகிறதா என்பது இந்தியத் தத்துவத்தின் பெரிய பிளவுகளில் ஒன்று. புதிதாகத் தொடங்குகிறது என்றது வைசேடிகம். முன்பே உள்ளது என்றது சாங்கியம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் வழிவந்த சைவ சித்தாந்தமும் அந்தச் சற்காரியவாதத்தை ஏற்றது. ஆனால் சித்தாந்தம் அதோடு நிற்கவில்லை. மண்ணுக்குள் குடம் இருந்தாலும் மண் தானாகக் குடமாகாது. மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மூன்றும் கூடினால்தான் குடம். இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. தொழில்நுட்பம் தன்போக்கில் வளர்கிறது, காலம் மாறுகிறது, யாரும் தடுக்க முடியாது என்ற பேச்சு இத்துறையில் மிகுதி. 3ஜி முதிர்ந்து தானாக உதிர்ந்துவிடவில்லை. தரநிலைக் கூட்டங்களில் வாக்களித்தவர்கள், உரிமம் வழங்கிய அரசுகள், அணைக்கும் தேதியைக் குறித்த நிர்வாகங்கள் என்று குயவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயரும் முகவரியும் உண்டு.

பௌத்தம் இன்னொரு கோணத்தைத் தருகிறது. மாறாத பொருள் எதுவும் இல்லை, காரண காரியச் சங்கிலி மட்டுமே உண்டு என்பது அதன் நிலைப்பாடு. இந்தக் கணபங்கக் கொள்கையைச் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருணந்தி சிவாச்சாரியார் கடுமையாக மறுத்தார் என்பதை மறக்கவில்லை. ஆனால் மறுப்பவரும் எதிர்கொள்ள வேண்டிய ஒரு கேள்வியை மிலிந்த பன்ஹா என்னும் பௌத்த நூல் எழுப்புகிறது. ஆளே மாறிக்கொண்டிருந்தால், செய்த வினைக்கு யார் பொறுப்பு? இது மிலிந்த மன்னனின் ஐயம். பௌத்தத் துறவி நாகசேனர் தரும் விடைகளில் ஒன்று மாம்பழத் திருடன் கதை. பிடிபட்ட திருடன், தோட்டக்காரன் நட்டது வேறு மாங்கொட்டை, நான் பறித்தது வேறு பழம், ஆகவே அவனுடையதை நான் எடுக்கவில்லை என்கிறான். மன்னன் அதை ஏற்கவில்லை. நட்டதிலிருந்துதான் பறித்தது விளைந்தது. ஆகவே அவன் குற்றவாளியே. அதே பொருளா என்பதைத் தீர்க்காமலே கடன் யாருடையது என்று தீர்ப்பளித்துவிடலாம் என்பதே இந்தக் கதையின் பேராற்றல். சங்கிலியின் ஒரு முனையில் ஆதாயம் எடுத்தவர், மறுமுனையைத் தெரியாது என்று சொல்ல முடியாது.

என் வாதம் இங்கேதான் நிற்கிறது. புதிய தலைமுறைக்குச் சிக்கனமாக நகரும் நிறுவனம் தொடர்ச்சியிலிருந்துதான் தன் ஆதாயத்தை எடுக்கிறது. பழைய டவர், பழைய அலைக்கற்றை, பழைய வாடிக்கையாளர், அவர்கள் பல்லாண்டு கட்டிய சந்தா, அவர்கள் ஊரெல்லாம் கொடுத்துவைத்த எண் எல்லாமே அதன் முதல். ஆகவே தொடர்ச்சியால் வரும் கடனும் அதனுடையதே. லாபக் கணக்கு எழுதும்போது இது அதே வலையமைப்பு என்றும், பழைய கைப்பேசிக்காரர் வந்து கேட்கும்போது அது வேறு வலையமைப்பு என்றும் சொல்வது மாம்பழத் திருடனின் வாதம்.

2024 அக்டோபர் 28 அன்று ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் தங்கள் 3ஜியை அணைத்தன. முன்பு குறித்த தேதிகளைத் தள்ளிவைத்த பிறகே இது நடந்தது. தள்ளிவைத்ததற்கான முக்கியக் காரணம் பலருக்கும் எதிர்பாராதது. 3ஜி மட்டுமே தெரிந்த கைப்பேசிகளின் பிரச்சினை முன்பே தெரிந்ததுதான். ஆனால் சில 4ஜி கைப்பேசிகள் சாதாரண அழைப்பை 4ஜியில் போட்டாலும், மூன்று பூஜ்ஜியம் என்ற அவசர எண்ணை அழைக்கும்போது மட்டும் 3ஜிக்கு இறங்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்தன. 3ஜி அணைந்தபின் அவற்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாது. அவசர அழைப்பு போடமுடியாத கைப்பேசிக்கு எந்தச் சேவையும் தரக் கூடாது என்று அரசு விதி கொண்டுவந்தது. விதி சரியானதே, ஆபத்து நேரத்தில்தான் பழுது தெரியவரும் கருவியைக் கையில் விட்டுவைப்பது கொடுமை. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். கடையில் 4ஜி என்று எழுதி விற்றதை நம்பி வாங்கியவர், மற்ற எல்லாவற்றுக்கும் நன்றாக வேலைசெய்யும் கைப்பேசியை ஒரே நாளில் இழந்தார். மூடுவதால் நிறுவனத்துக்கு மிச்சமாகும் மின்சாரமும் பராமரிப்பும் அதன் கணக்கில் வரவு. புதிய கைப்பேசியின் விலை வாடிக்கையாளர் கணக்கில் செலவு. இரண்டாவதை எந்தத் தாளிலும் எழுதாமல் விட்டால்தான் முதலாவதைச் சிக்கனம் என்று அழைக்க முடியும்.

கைப்பேசியையாவது மாற்றிவிடலாம். 2018 மார்ச் 31 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெறும் புதிய கார் வகைகள் எல்லாவற்றிலும் விபத்து நேர்ந்தால் தானே அவசர எண்ணான 112ஐ அழைக்கும் கருவி இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கருவி 2ஜி, 3ஜி வழியே பேசும்படி வடிவமைக்கப்பட்டது. கார் பதினைந்து ஆண்டு ஓடும். பிரிட்டனின் மின்சார மீட்டர்களில் பல 2ஜி, 3ஜியை நம்பிச் சுவரில் பொருத்தப்பட்டவை. கருவியைக் கட்டாயமாக்கியது அரசு, அலைக்கற்றையை மாற்றிக்கொள்ள அனுமதிப்பதும் அரசு. நடுவில் இருப்பவரிடம் யாரும் கேட்கவில்லை.

இதற்கு வரும் எதிர்வாதங்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. முதலாவது, அலைக்கற்றை அருமையான பொதுச்சொத்து. மிகச் சிலருக்காக 5 மெகாஹெர்ட்ஸை 3ஜியில் அடைத்துவைத்தால், அதே 5 மெகாஹெர்ட்ஸில் 4ஜியால் பயனடையக்கூடிய பலருக்கு அநீதி, மின்சாரமும் வீண். உண்மை. ஆனால் இந்த வாதம் மாற வேண்டும் என்பதை மட்டுமே நிறுவுகிறது. மாற்றத்தின் செலவை அந்தச் சிலரே சுமக்க வேண்டும் என்பதை நிறுவவில்லை. பலருக்குக் கிடைக்கும் பயன் அவ்வளவு பெரிதென்றால், அதில் ஒரு சிறுபகுதி சிலரைக் கரைசேர்க்கப் போதும். போதாதென்றால் பயனே மிகைப்படுத்திச் சொல்லப்பட்டது என்றுதான் பொருள்.

இரண்டாவது எதிர்வாதம் நாகசேனரிடமிருந்தே வருகிறது. நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டியது. மாம்பழக் கதை வரும் அதே உரையாடலில் பால் கதையும் உண்டு. ஒருவன் இடையனிடம் பால் வாங்கி, நாளை எடுத்துக்கொள்கிறேன் என்று அவனிடமே விட்டுப்போகிறான். மறுநாள் வந்தால் அது தயிராகிவிட்டது. நான் வாங்கியது பால், பாலைக் கொடு என்கிறான். மன்னன் இடையன் பக்கம் தீர்ப்பளிக்கிறான். உன் பால்தான் இது, இப்போது தயிர். அப்படியானால் 3ஜிக்குச் சந்தா கட்டியவருக்கு 4ஜி கொடுத்தால் போதாதா? இங்கேதான் சித்தாந்தத்தின் நிமித்த காரணம் தேவைப்படுகிறது. பால் தயிரானதில் இடையனுக்குப் பங்கில்லை, தாமதித்தவன் வாங்கியவன். வலையமைப்பை மாற்றுபவர் நிறுவனம், அந்தத் தேதியைத் தேர்ந்தவரும் அதுவே. மேலும் தயிரை அதே பானையில் எடுத்துப் போகலாம். 4ஜியைப் பழைய கைப்பேசியில் எடுத்துப் போக முடியாது.

மூன்றாவது, என்றென்றைக்கும் நடத்துவோம் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. சரி, நானும் என்றென்றைக்கும் கேட்கவில்லை. கடனுக்கு எல்லை உண்டு. அந்த எல்லையை அறிவோடு வகுத்த முன்மாதிரியும் இருக்கிறது. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் 2002இல் பழைய அனலாக் சேவையை நடத்தும் கட்டாயத்தை நீக்க முடிவுசெய்தது. உடனே நீக்கவில்லை; ஐந்தாண்டு அவகாசம் கொடுத்து, 2008 பிப்ரவரி 18 வரை நீட்டியது. காரணங்களில் ஒன்று காதுக்கருவி. அன்றைய டிஜிட்டல் கைப்பேசிகள் காதுக்கருவியில் இரைச்சலைக் கிளப்பின. செவித்திறன் குறைந்தவர்களுக்கு அனலாக்தான் பேசும் வழி. அவர்களுக்கு ஏற்ற டிஜிட்டல் கைப்பேசி வரும்வரை மற்றவர்கள் பொறுக்க வேண்டும் என்று ஓர் அரசு அமைப்பு முடிவெடுத்தது. ஜப்பானில் 2024 புத்தாண்டு நாளில் நோட்டோ தீபகற்பத்தை நிலநடுக்கம் தாக்கியதும் சாப்ட்பேங்க் நிறுவனம் தன் 3ஜி மூடலைத் தள்ளிவைத்தது. இடிபாடுகளுக்கிடையில் எந்தக் கைப்பேசி யார் கையில் இருக்கும் என்று தெரியாதபோது, பழைய அலையை அணைக்காமல் விட்டது. கணக்குப் புத்தகம் இதைக் கேட்காது. ஆனாலும் செய்ய முடிந்திருக்கிறது.

மிகக் கடினமான எதிர்வாதம் நான்காவது. இந்தச் செலவையெல்லாம் நிறுவனம் ஏற்றால் கட்டணம் ஏறும். ஏறினால் ஏழையைத்தான் முதலில் அடிக்கும். இணைப்பே இல்லாதவருக்கு இணைப்பு போவதும் தள்ளிப்போகும். உலகச் செல்பேசி நிறுவனங்களின் சங்கமான ஜிஎஸ்எம்ஏ 2024இல் வெளியிட்ட கணக்கின்படி செல்பேசி இணைய வீச்சுக்கே வெளியில் வாழ்பவர்கள் உலக மக்களில் 4 விழுக்காடு. வீச்சுக்குள் இருந்தும் பயன்படுத்தாதவர்கள் 39 விழுக்காடு. டவர் எட்டாதவர்களைவிட, டவர் எட்டியும் பயன்படுத்தாதவர்கள் ஏறத்தாழ பத்து மடங்கு; கருவியின் விலை அதற்கான முக்கியத் தடைகளில் ஒன்று. ஒருவர் கையில் இருக்கும் மலிவான கருவியைச் செயலிழக்கச் செய்து, விலையுயர்ந்ததை வாங்கச் சொன்னால், அவர் அந்த 39இல் போய்ச் சேருகிறார். ஏழைக்காகப் பேசும் வாதம் உண்மையில் ஏழைக்கு எதிராகவே முடிகிறது. வேறு வழி உண்டு என்பதற்கு இந்தியாவே சான்று. 2016 செப்டம்பரில் ஜியோ 2ஜி, 3ஜி எதுவும் இல்லாமல் 4ஜியில் மட்டும் தொடங்கியது. பட்டன் போன் வைத்திருந்தவர்களுக்கு அதில் இடமில்லை. மறு ஆண்டே 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு, மூன்றாண்டு கழித்துத் திருப்பித் தரும் நிபந்தனையில், 4ஜியில் பேசும் பட்டன் போனைக் கொண்டுவந்தது. அது தர்மம் அல்ல, வியாபாரம்தான். ஆனால் கருவியின் விலையை வலையமைப்பின் செலவாக எழுத முடியும், எழுதியும் நிறுவனம் நொடிக்காது என்பதை அது காட்டியது. ஏர்டெல் 2020இல் 3ஜியை மூடி 2ஜியை விட்டுவைத்தது இன்னொரு வழி. 3ஜி நடுவில் வந்தது, அதை மட்டுமே நம்பிய கருவிகள் குறைவு; 2ஜியை நம்பியவர்கள் கோடிக்கணக்கானோர். யார் எதை நம்பியிருக்கிறார்கள் என்று பார்த்து எடுத்த முடிவு அது.

இப்போது 6ஜி பேசப்படுகிறது. அதற்கான பொதுச் சட்டகத்தைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023 நவம்பரில் ஏற்றது; தரநிலை வகுக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இந்த முறை செல்பேசி நிறுவனங்கள் ஒரு கோரிக்கையை வெளிப்படையாக வைத்திருக்கின்றன. அவற்றின் கூட்டமைப்பான என்ஜிஎம்என், 6ஜி வருவதால் 5ஜி வானொலிக் கருவிகளைத் தூக்கியெறியும் கட்டாயம் வரக் கூடாது, கூடியவரை மென்பொருளாலேயே மேம்படுத்த முடிய வேண்டும் என்று 2023இல் சொன்னது. நியாயமான கோரிக்கை, நான் முழுமனதோடு ஏற்கிறேன். நேற்றுப் பணம் கொடுத்து வாங்கிய கருவி இன்று வேறொருவரின் முடிவால் பயனற்றுப் போகக் கூடாது என்கிறார்கள். தரநிலைக் கூட்டத்தில் இருக்கை உள்ளவர்களுக்கு இதைச் சொல்ல வாய்ப்பு இருக்கிறது. அதே சொற்களில் அதே கோரிக்கையை வைக்க உரிமையுள்ள மீட்டர் உரிமையாளருக்கும், பழைய காரில் போகிறவருக்கும், பட்டன் போனில் மகனோடு பேசும் முதியவருக்கும் அங்கே இருக்கை இல்லை. குறைந்த ஆற்றலில் இயங்கும் பொருள்களுக்கான இணைப்பு முறையை வகுத்தபோது ஒரே பேட்டரியில் பத்தாண்டு ஓட வேண்டும் என்று பொறியாளர்களே இலக்கு வைத்தார்கள். அப்படியானால் அந்தக் கருவி பேசும் வலையமைப்பும் குறைந்தது அந்தப் பத்தாண்டு உயிரோடு இருக்கும் என்று யாராவது எழுதிக் கொடுத்தாக வேண்டும். எழுதவேண்டிய இடம் அலைக்கற்றை உரிமம். அரசு ஏலம் விடும் அன்றே, அந்த அலையில் ஓடும் தலைமுறை எந்த ஆண்டுவரை நிற்கும், அதற்கு முன் மூடினால் கருவி மாற்றும் செலவை யார் ஏற்பார் என்ற இரண்டு வரிகளை நிபந்தனையாகச் சேர்க்கலாம். அந்தச் செலவை மனத்தில் வைத்து நிறுவனங்கள் ஏலத்தில் குறைவாகக் கேட்கும், அரசுக் கருவூலத்துக்குச் சற்றுக் குறையும். 2000ஆம் ஆண்டு ஐரோப்பா ஏலத்தில் வாங்கிய தொகையைப் பார்த்தபின், அந்தக் குறைவைத் தாங்க அரசுகளால் முடியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.